பந்தியைத் தின்ற வட்டம்

நான் வாழ்க்கையில் பார்த்த உதவாக்கரைகள் ஏராளம். அதில் முதலிடம் ஒரு வட்டத்துக்கு. ஒரு ரூபாய்க் காசு அளவுதான் இருக்கும். கம்ப்யூட்டர் திரையின் கீழே, வலது மூலையில், கடிகாரத்தை ஒட்டி உட்கார்ந்திருக்கும். ஹார்ட் டிஸ்க்கில் எவ்வளவு இடம் நிரம்பியிருக்கிறது என்று காட்டுவதுதான் அதன் உத்தியோகம். இடம் நிறைய இருந்தால் பச்சை. குறையக் குறைய ஆரஞ்சு. நிரம்பப் போகிறது என்றால் சிவப்பாகி, ‘டொய்ங்’ என்று ஒரு சத்தம் போட்டு, பிரெஞ்சில் ஒரு வரியைக் காட்டும். அத்தோடு வேலை முடிந்தது. உள்ளே இருப்பது என்ன, யாருடையது, வேண்டியதா வேண்டாததா, ஒன்றும் அதற்குத் தெரியாது. கல்யாண மண்டப வாசலில் நின்றுகொண்டு ‘ஹால் நிறைஞ்சிடுச்சு, ஹால் நிறைஞ்சிடுச்சு’ என்று கத்துகிற ஒருவனைக் கற்பனை செய்து பாருங்கள். உள்ளே உட்கார்ந்திருப்பது மாப்பிள்ளையின் அப்பாவா, ஓசியில் சாப்பிட வந்தவனா என்று அவனுக்கு என்ன அக்கறை? அந்த ஜாதிதான் இதுவும்.

அந்த வட்டத்தை எங்கள் முதலாளி கும்பிட்டார். நான் சும்மா சொல்லவில்லை. காலையில் கடையைத் திறந்ததும் சாமி படத்துக்கு ஊதுபத்தி காட்டுவார். அந்தப் புகையோடே வந்து மானிட்டருக்கும் ஒரு சுற்று சுற்றுவார். பச்சையாக இருந்தால் அன்றைக்கு எனக்கு டீ உண்டு.

கடை மிஷன் வீதியிலிருந்து பிரியும் சந்து ஒன்றில், முதல் மாடியில் இருந்தது. கல்யாண வீடியோ எடுப்பது, அதை மிக்ஸிங் செய்து சிடியாகக் கொடுப்பது எங்கள் தொழில். மிக்ஸிங் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். மணமக்களைத் தாமரைப் பூவுக்குள் உட்காரவைப்பது, இதயத்துக்குள் அடைப்பது, மேலேயிருந்து ரோஜா இதழ்களைக் கொட்டுவது. மாப்பிள்ளை பிரெஞ்சு நேஷனாலிட்டி என்றால் ஈஃபில் டவர். மாப்பிள்ளை வில்லியனூரைத் தாண்டாதவர் என்றாலும் ஈஃபில் டவர். முதலாளிக்கு அது ஒரு வியாதி.

வியாதி வரக் காரணம் உண்டு. அவருடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தா, அதாவது சிப்பாய். பென்ஷன் பிரான்சிலிருந்து வந்தது. அண்ணன் பிரான்சிலேயே இருந்தார். முதலாளி மட்டும் ஏதோ காகிதக் கோளாறில் இங்கேயே தங்கிவிட்டார். பிரான்ஸை அவர் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் பேச்சைக் கேட்டால் நேற்று ராத்திரிதான் இறங்கிவந்தவர் மாதிரி இருக்கும். நேரில் அவரை நான் அண்ணே என்பேன். முதுகுக்குப் பின்னால் முசியே, பிரெஞ்சு ‘ஐயா’.

அந்தக் கம்ப்யூட்டரும் பிரான்சிலிருந்து வந்ததுதான். அண்ணன் தனக்கு வேண்டாம் என்று தூக்கிப்போட வைத்திருந்ததைத் தம்பிக்கு அனுப்பியிருந்தார். விண்டோஸ் பிரெஞ்சு. கீபோர்டு பிரெஞ்சு, ஏ எழுத்து இருக்கவேண்டிய இடத்தில் க்யூ இருக்கும். வட்டமும் பிரெஞ்சு. பாலிடெக்னிக்கை இரண்டாம் வருடத்தில் கைகழுவிவிட்டு வந்தவன் நான். இங்கிலீஷே எனக்குத் தள்ளித்தள்ளித்தான் ஓடும். அதற்கு மேல் இது வேறு.

“டேய், டிஸ்க் ப்ரெஸ்க் ப்ளென் ஆயிடுச்சுடா!” என்று முதலாளி ஒருநாள் அலறினார். திரையில் இருந்த வரியைத்தான் படித்திருந்தார்.

“ப்ளென்னுனா இன்னாண்ணே?”

“நெறைஞ்சிடுச்சு.”

“ப்ரெஸ்க்குனா?”

கொஞ்சம் யோசித்தார். “அவசரம்டா. அவசரமா நெறைஞ்சிடுச்சுன்றான். நமக்குத்தான் அவசரமே தெரியாதே, வெள்ளக்காரன் எப்படி மரியாதையா சொல்றான் பாரு.”

ப்ரெஸ்க் என்றால் ‘கிட்டத்தட்ட’ என்று கடைக்கு வந்த ஒரு பென்ஷன்காரர் பிறகு எனக்குச் சொன்னார். அதை நான் முதலாளியிடம் சொல்லவில்லை. அவருடைய பிரெஞ்சு எனக்குப் பிடித்த பொழுதுபோக்கு. அதைக் கெடுத்துக்கொள்ள யாருக்கு மனசு வரும்?

வட்டத்தின் மேல் க்ளிக் செய்தால் ஒரு பட்டியல் திறக்கும். டிஸ்க்கில் இருக்கிற ஃபோல்டர்கள் எல்லாம் பருமன்வாரியாக வரிசை கட்டி நிற்கும். பெரியது மேலே, சின்னது கீழே. முதலாளியின் நிர்வாகம் ரொம்ப எளிமை. சிவப்பு வந்ததா? பட்டியலைத் திற. மேலே இருப்பவனைத் தூக்கு. குப்பைத்தொட்டியையும் காலி செய். பச்சை வந்துவிடும். யார் அந்த மேலே இருப்பவன் என்று பார்க்கிற வழக்கமெல்லாம் கிடையாது. குண்டாக இருந்தால் குற்றவாளி.

எங்கள் கடையில் எப்போதும் குண்டாக இருப்பது பந்திதான்.

கல்யாண வீடியோ எடுத்தவர்களுக்குத் தெரியும். தாலி கட்டுவது அரை நிமிடம். பந்தி மத்தியானம் வரைக்கும் ஓடும். முழுக்க எடுத்தே ஆகவேண்டும். யார் வந்தார்கள் என்பதற்கு மொய் எழுதுகிறவரை விடப் பந்தி வீடியோதான் சாட்சி. ‘எங்க மாமா வந்து சாப்ட்டாரு, அவர் மூஞ்சி ஏன் வரல?’ என்று சண்டைக்கு வருவார்கள். அதனால் இலை இலையாகப் போய், ஒவ்வொருவர் முகத்திலும் லைட்டை அடித்து, வாய்க்குள் போகிற வடையிலிருந்து மோர் வரைக்கும் பிடிப்போம். கேமராவை முதலாளி பிடிப்பார். லைட்டை நான் பிடிப்பேன். சாப்பிடுகிற மனுஷன் கண்ணில் ஆயிரம் வாட் விளக்கை அடிக்கிற தொழில் உலகத்தில் வேறு எங்கேயாவது இருக்குமா என்று தெரியவில்லை. எல்லோரும் என்னைத் திட்டிக்கொண்டேதான் சாப்பிடுவார்கள். பிறகு வீட்டில் சிடி போட்டுப் பார்த்து, ‘மாமா நல்லா விழுந்திருக்காரு’ என்பார்கள்.

இவ்வளவு எடுத்த டேப்பைப் பத்திரமாக வைப்போமா என்றால் மாட்டோம். கம்ப்யூட்டரில் ஏற்றியதும் அதே டேப்பை அடுத்த விசேஷத்துக்குக் கொண்டுபோவார் முதலாளி. புது டேப் வாங்குகிற பழக்கம் அவர் பரம்பரைக்கே இல்லை. ஒரே டேப்பில் காதுகுத்து மேல் கல்யாணம், கல்யாணத்தின் மேல் கருமாதி என்று ஏறிக்கொண்டே போகும்.

ஒருநாள் நான் டீ வாங்கப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது வட்டம் பச்சையாக இருந்தது. முதலாளி எண்ணெய் தேய்த்துக் குளித்தவர் மாதிரி சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

“இன்னாண்ணே, குளுகுளுன்னு இருக்கு?”

“வில்லியனூர் பார்ட்டியோட பந்திய தூக்கிட்டேன்டா. மலை மாதிரி குந்திக்கினு இருந்துச்சு.”

“அண்ணே, அது இன்னும் மிக்ஸிங்கே பண்ணலயே!”

“ப்ராஜெக்ட் சேவ் பண்ணியிருக்கல்ல? அதுல இருக்கும்.”

இதை இரண்டு வருடமாக அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். ப்ராஜெக்ட் என்பது எந்தத் துண்டு எங்கே வரவேண்டும் என்கிற குறிப்பு மட்டும்தான். படம் அதற்குள் இல்லை. படத்தை அழித்துவிட்டுக் குறிப்பை வைத்துக்கொள்வது, பெண் ஓடிப்போன பிறகு பத்திரிகையை மட்டும் வைத்துக்கொண்டு மேளம் கொட்டுவது மாதிரி. திறந்து காட்டினேன். பந்தி இருக்கவேண்டிய இடம் முழுக்கக் கறுப்பு.

“டேப்பு?” என்றேன். எனக்கே பதில் தெரியும்.

“முத்தியால்பேட்ட மஞ்சத்தண்ணிக்கு எடுத்தும்போனோமே,” என்றார் கொஞ்சமும் கவலைப்படாமல். “வுடுடா. துன்றதப் போயி எவன் பாக்கப்போறான்? அந்த எடத்துல ஈஃபில் டவர் ரெண்டு தடவ சுத்தவுடு.”

எனக்கும் அப்போது ஒன்றும் தோன்றவில்லை. வில்லியனூர்க்காரர்கள் மென்று தின்றது அழிந்துபோனால் சரித்திரத்துக்கு என்ன நஷ்டம் என்று டீயைக் குடித்தேன்.

மறுநாள் காலையில் அந்த வில்லியனூர்ப் பெண்ணின் அம்மா வந்து நின்றார். தனியாக, பஸ் பிடித்து வந்திருந்தார். கையில் ஒயர் கூடை. படியேறிய மூச்சு இன்னும் அடங்கவில்லை.

“தம்பி, எம்பொண்ணு கல்யாணத்துல பந்தி எடுத்தீங்களே, அத மட்டும் கொஞ்சம் போட்டுக் காட்டுப்பா. சிடி மெதுவா குடு, பரவால்ல.”

நான் முதலாளியைப் பார்த்தேன். முதலாளி மின்விசிறியைப் பார்த்தார்.

“பந்திலாம் நாங்க எடுக்கலயேம்மா,” என்றார்.

“எடுக்கலயா? லைட்ட மூஞ்சியிலயே அடிச்சிக்கினு ஒருத்தன் சுத்தினானே! எங்க சம்பந்தி மீசயில ரசம் ஒழுவுறத கூட வுடாம எடுத்தானாமே!”

அந்த ஒருத்தன் நான்தான். அம்மா என்னை அடையாளம் தெரியாமல் என்னிடமே சாட்சி சொல்லிக்கொண்டிருந்தார். லைட் பிடிக்கிறவனை யாரும் பார்க்க முடியாது. அந்தத் தொழிலில் இருக்கிற ஒரே வசதி அது.

முதலாளி சமாளித்தார். “ஆங், அதுவா… அது எடிட்டிங்ல இருக்குதும்மா. சனிக்கெழம வாங்க.”

“எடிட்டிங்ல வெட்டிடப் போறீங்க சாமி. எனுக்கு முழுசா பாக்கணும்.” அம்மா கூடையைக் கீழே வைத்தார். “எம்புள்ள வந்தானான்னு பாக்கணும்.”

எங்களிடம் அதைச் சொல்ல அவருக்கு விருப்பமில்லை. சொல்லாமல் போனால் வெட்டிவிடுவோமோ என்ற பயத்தில் சொன்னார். மூத்தது மகன். குருசுக்குப்பத்து மீனவப் பெண்ணை இஷ்டப்பட்டுக் கட்டிக்கொண்டான். அப்பா வீட்டுக்குள் விடவில்லை. தங்கச்சி கல்யாணத்துக்கும் சொல்லக்கூடாது என்று வீட்டில் தீர்ப்பு. ஆனாலும் அவன் மண்டபத்துக்கு வந்திருந்தான் என்று சமையல்கட்டில் இருந்த ஒரு பெண் சொல்லியிருக்கிறாள். அம்மா மேடையை விட்டு இறங்க முடியாததால் பார்க்கவில்லை. அப்பாவைக் கேட்டால், ‘வந்திருந்தா என் கண்ணுல படாமயா போயிருப்பான்? வரல’ என்கிறார்.

“வந்தானா இல்லியான்னு தெரியணும். வந்திருந்தா சாப்ட்டானான்னு தெரியணும். தங்கச்சி கல்யாணத்துல ஒரு வாய் சாப்டாம போயிருந்தான்னா…” என்றவர் கூடையை எடுத்துக்கொண்டார். “சனிக்கெழம வரேன். வெட்டிடாத தம்பி.”

அவர் தலை மறைந்ததும் முதலாளி பெருமூச்சு விட்டார். “பாவம்டா. ஈஃபில் டவர மூணு தடவ சுத்தவுட்டுடு.”

எனக்கு அந்த அம்மாவின் மேல் பாசம் பொங்கிவிட்டது என்று நினைக்காதீர்கள். எனக்கு ஆத்திரம் இந்த ஆள் மேல்தான். ஒரு பொய் சொன்னால் அதில் கொஞ்சமாவது உழைப்பு இருக்கவேண்டாமா? மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு சொல்கிற பொய்! இவர் தோற்றுப்போவதை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்று இருந்தது.

கீழே ப்ரவுசிங் சென்டர் வைத்திருந்தவன் என் கூட்டாளி. அவனிடம் போய் விஷயத்தைச் சொன்னேன்.

“அழிச்சா ஒடனே அழிஞ்சிடாதுடா வெண்ண,” என்றான். “சினிமா கொட்டாயில சீட்டோட டிக்கெட்ட கேன்சல் பண்ணிட்டாங்க, அவ்ளோதான். ஆளு உள்ளயேதான் குந்தினு இருப்பான். அந்த சீட்டுல வேற எவனாவது வந்து குந்தினாதான் இவன் காலி.”

“எடுக்க முடியுமா?”

“எங்கிட்ட அதுக்குன்னு ஒரு சிடி கீது. ட்ரை பண்லாம். ஆனா அந்த டிஸ்க்குல புதுசா ஒண்ணும் ஏத்தாத. ஏத்தின, உங்க முசியே தலையில சத்தியமா எனுக்குத் தெரியாது.”

மேலே ஓடினேன். முதலாளி முத்தியால்பேட்டை மஞ்சள் நீராட்டு டேப்பைக் கேமராவில் போட்டு, கம்ப்யூட்டரில் ஏற்ற ஒயரைச் சொருகிக்கொண்டிருந்தார். மணி பன்னிரண்டு இருக்கும். வட்டம் பச்சையாகிவிட்டதல்லவா, ஆசை பிறந்துவிட்டது.

“அண்ணே, கீழ உங்கள யாரோ கேக்குறாங்க,” என்றேன்.

“யாருடா?”

“தெரில. பிரான்ஸ்ல இருந்து வந்தவரு மாதிரி இருக்காரு.”

சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு இறங்கினார். நான் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

வட்டத்தில் ரைட் க்ளிக் செய்தால் செட்டிங் வரும். டிஸ்க் எவ்வளவு நிரம்பினால் சிவப்பாக வேண்டும் என்று நாமே சொல்லிக்கொடுக்கலாம். அதாவது, இந்த மகா காவல்காரனுக்குத் தானாக ஒரு கருத்தும் கிடையாது. யாரோ ஒருவன் ‘இப்போது பயப்படு’ என்று சொன்னால் பயப்படும். நான் தொண்ணூறு என்று இருந்ததைப் பத்து என்று மாற்றிவிட்டு எழுந்தேன். டொய்ங்.

முதலாளி ஏறி வந்தார். “எவனும் இல்லயேடா கீழ.”

“போயிட்டாரு போல. அண்ணே, இங்க பாருங்க, மறுபடியும் சிவப்பு.”

அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. “நேத்துதானடா தூக்கினேன்! எப்படி நெறைஞ்சிது?”

“பந்திண்ணே. அதான், தின்னுக்கினே இருக்காங்க போல.”

பட்டியலைத் திறந்து மேலே இருந்தவனைத் தூக்கினார். சிவப்பு. அடுத்தவனைத் தூக்கினார். சிவப்பு. மூன்றாவது, அவருடைய அண்ணன் விடுமுறைக்கு வந்தபோது மகளுக்கு இங்கே சர்ச்சில் நடத்திய புதுநன்மை விழா; பிரான்சுக்கு அனுப்ப வைத்திருந்தது. அதையும் தூக்கினார். சிவப்பு, டொய்ங், பிரெஞ்சு வரி. நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

“மெஷினுக்கு இன்னாவோ ஆயிடுச்சுடா. சனிக்கெழம எங்கண்ணன் போன் பண்ணுவான். அவன கேட்டுக்கினு அப்புறம் ஏத்தலாம். அதுவரிக்கும் யாரும் கை வெக்காதீங்க.”

யாரும் என்றால் நான். டிஸ்க்கில் பாதிக்கு மேல் சும்மா கிடந்தது. அந்தப் பாதியை நம்ப அவருக்கு ஒரு வட்டத்தின் அனுமதி வேண்டியிருந்தது.

எங்கள் ஊரில் மத்தியானம் ஒரு மணிக்கு ஷட்டரை இறக்கினால் நாலு மணிக்குத்தான் ஏற்றுவோம். அந்த மூன்று மணி நேரம் ஊர் தூங்கும். வெள்ளைக்காரன் விட்டுப்போனதில் முதலாளி ஒழுங்காகக் கடைப்பிடித்தது இது ஒன்றுதான். அவர் வீட்டுக்குப் போய்க் குறட்டை விடுகிற நேரத்தில், கூட்டாளியும் நானும் உள்ளே உட்கார்ந்தோம். அவன் தன் கடையிலிருந்து ஒரு ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு வந்திருந்தான். மீட்டதை அதில்தான் போடவேண்டும்.

அந்த சிடி டிஸ்க்கைத் தோண்ட ஆரம்பித்தது. பெயர் தொலைந்துபோன ஃபைல்கள் கேள்விக்குறியோடு ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. திறந்தால் பந்தி. இன்னொன்றைத் திறந்தால் இன்னொரு பந்தி. முதலாளி தன் ஆட்சியில் தூக்கிய பந்திகளில் மிச்சம் மீதி எல்லாம் உள்ளேயே உட்கார்ந்திருந்தன. லாஸ்பேட்டை தின்றது, அரியாங்குப்பம் தின்றது, வீராம்பட்டினம் மீனோடு தின்றது. யார் யாரோ அப்பளத்தை நொறுக்கினார்கள்.

“பசிக்குதுடா,” என்றான் கூட்டாளி.

வில்லியனூர் மண்டபத்தில் ரோஸ் கலர் சுவர். அதை வைத்துத் தேடினோம். முதல் நாள் கிடைக்கவில்லை. அடுத்த நாள் மத்தியானமும் உட்கார்ந்தோம். கிடைத்தது; ஆனால் துண்டு துண்டாக. நடுநடுவே படம் கட்டம் கட்டமாக உடையும், பாதி முகம் பச்சையாகும், சத்தம் போய்விடும். ஓடுகிற வரைக்கும் ஓட்டிப் பார்த்தேன். எனக்கு அந்த மகனைத் தெரியாது. எல்லா முகமும் ஒரே மாதிரி மென்றுகொண்டிருந்தது. கிடைத்ததைக் கூட்டாளியின் டிஸ்க்கில் போட்டு, அதைக் கம்ப்யூட்டரிலேயே மாட்டி வைத்தேன்.

சனிக்கிழமை நாலு மணிக்கு ஷட்டரை ஏற்றிய கையோடு அம்மா வந்தார். கூடவே அப்பாவும். காலையில் வயல், பகலில் டவுனில் ஒரு மரவாடியில் வேலை பார்க்கிறவர். சட்டையில் மரத்தூள் ஒட்டியிருந்தது. செருப்பைக் கழற்றாமல் வாசல்படியிலேயே நின்றார்.

“நான் இங்கயே நிக்கிறேன். நீ போயி பாத்துட்டு வா. வராதவன் எப்படி வருவான் வீடியோல?” என்றார்.

பந்தி தவிர மற்றதெல்லாம் முன்னாலேயே மிக்ஸிங் ஆகியிருந்தது; அதை எழுதிய சிடியை முதலாளி நீட்டினார். அட்டையில் மணமக்களுக்குப் பின்னால் ஈஃபில் டவர். “எல்லாம் ஃபர்ஸ்ட் க்ளாஸா வந்திருக்கும்மா. அந்தப் பந்தி மட்டும் டேப்பு கோளாறுல…”

“பந்தி இருக்குது, வாங்கம்மா,” என்றேன்.

முதலாளி திரும்பினார். “இருக்குதா? எங்கடா இருக்குது?”

“உங்க வட்டம் பத்திரமா வெச்சிருந்துச்சுண்ணே.”

அவருக்குக் கோபப்படுவதா பெருமைப்படுவதா என்று தெரியவில்லை. பெருமையைத் தேர்ந்தெடுத்தார். “பிரான்ஸ் மெஷின்ம்மா,” என்று அம்மாவுக்கு ஸ்டூலை நகர்த்திப் போட்டார்.

அம்மா திரையிலிருந்து ஒரு முழத்தில் உட்கார்ந்தார். நான் ஓட்டினேன். கட்டம் கட்டமாக உடைந்த ரோஸ் சுவர். இலைகள். வாய்கள்.

“இது எங்க சின்ன மாமனாரு… இது மாப்ள வூட்டு ஆளு… இந்தப் பொம்பள யாரு, பாயசத்த மூணு வாட்டி வாங்குறா… இது எங்க கொழுந்தன் பையன்…”

ஒவ்வொரு முகமாக விரலால் தொட்டுக்கொண்டே போனார். முடிந்தது. மகன் இல்லை.

“சொன்னேன்ல?” வாசலிலிருந்து அப்பாவின் குரல். “கெளம்பு. எனுக்கு வேல இருக்குது.”

“இன்னொரு தரம் போடு தம்பி.”

போட்டேன். இந்தத் தடவை அவர் முகங்களைத் தொடவில்லை. சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். பாதி தாண்டியிருக்கும்.

“நிறுத்து. கொஞ்சம் பின்னால போ.”

போனேன்.

“அந்தக் கை,” என்றார்.

சாப்பிடுகிறவர் கை இல்லை. பரிமாறுகிற கை. சாம்பார் வாளியைப் பிடித்திருந்தது. கை மட்டும் வந்து போனது. அடுத்த நொடியில் அவன் குனிந்தபோது லைட் அவன் மேல் விழுந்தது. மடித்துக் கட்டிய லுங்கி, தலையில் துண்டு, இளவயது. மகன் விருந்தாளியாக வரவில்லை. சமையல்காரர்களோடு சேர்ந்து வாளியைத் தூக்கிக்கொண்டிருந்தான். நான் எத்தனை பந்திக்கு லைட் அடித்திருப்பேன்! பரிமாறுகிறவன் முகத்தை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. எல்லோரும் இலையைப் பார்ப்பார்கள், நாங்கள் வாயைப் பார்ப்போம்.

அம்மா அழவில்லை. திரும்பாமலே கூப்பிட்டார். “இந்தா. இங்க வா.”

“இன்னாமே?”

“வாயேன் உள்ள.”

அப்பா செருப்போடே உள்ளே வந்து பின்னால் நின்றார். நான் மறுபடியும் ஓட்டினேன். அவன் குனிகிறான். அவனுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர் இடது கையால் லைட்டுக்குக் கண்ணை மறைத்துக்கொண்டு, வலது கையை இலைக்கு மேலே ஆட்டுகிறார், போதும் போதும் என்று. அவன் அந்தக் கைக்குக் கீழேயே இன்னும் ஒரு கரண்டி ஊற்றிவிட்டு நகர்கிறான். கண்ணை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் இப்போது எங்களுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

 முதலாளிதான் முந்திக்கொண்டார். “க்ளாரிட்டி எப்படி பாத்தீங்களா…”

“அந்த லைட்ட எவன் புடிச்சது?” என்றார் அப்பா.

“நான்தாங்க.”

“கண்ணு அவிஞ்சிபோற மாதிரி அடிச்சா எவன் வந்தது எவன் போனதுன்னு எவனுக்குடா தெரியும்?”

 அவர் என்னைக் கேட்கவில்லை, திரையைப் பார்த்துத்தான் கேட்டார். பிறகு குரல் இறங்கியது.

“ரசம் கேட்டேன். சாம்பார ஊத்தினான். திட்டினேன்.”

“இன்னான்னு?” என்றார் அம்மா.

“மரமண்டன்னு.”

“அவன் இன்னா சொன்னான்?”

“ஒண்ணும் சொல்லல. போயி ரசம் எடுத்தாந்து ஊத்தினான்.”

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிப்பா வேறெதுவுமா என்று நான் பார்க்கவில்லை. கொஞ்சம் கழித்து, “சரி, பரிமாறினான். சாப்ட்டானா?” என்றார்.

மிச்சத்தை ஓட்டினேன். இரண்டு இடத்தில் வாளி வந்து போனது. பிறகு படம் உடைய ஆரம்பித்தது. கடைசிப் பந்தி வெறும் பச்சைக் கட்டங்கள். யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள் என்று மட்டும் தெரிந்தது. யார் என்று தெரியவில்லை. அதற்கு மேல் ஒன்றுமில்லை.

“அவ்ளோதாம்மா. மிச்சம் வரல,” என்றேன்.

“கடைசிப் பந்தியில குந்தியிருப்பான். பரிமாறினவங்கள்லாம் கடைசியிலதான் சாப்டுவாங்க,” என்றார் அப்பா.

“நீ பாத்தியா?”

“பாக்கல.”

“அப்புறம்?”

அப்பா படியிறங்கினார். முதலாளி ஈஃபில் டவர் சிடியை எடுத்துக்கொண்டு அவர் பின்னால் ஓடினார். “ஐயா, சிடி!”

“அதுல அவன் இருக்கானா?”

“இல்லீங்க, அது…”

“அவன் இருக்குறதையும் சேத்துப் போட்டு வைங்க. அப்புறம் வந்து வாங்கிக்கிறோம்.”

சந்து முனையில் அவருடைய மொபெட் நின்றிருந்தது. நானும் இறங்கிப் போனேன், கூடையைக் கொடுக்க. அம்மா அதை மறந்து மேலேயே வைத்துவிட்டிருந்தார். அவர் பின்னால் ஏறி உட்கார்ந்து கூடையை மடியில் வைத்துக்கொண்டார். அப்பா வண்டியை வில்லியனூர்ப் பக்கம் திருப்பாமல் வடக்கே திருப்பி நிறுத்தினார்.

“வூடு இந்தப் பக்கம். எங்க போற?”

“சேதராப்பட்டு. அவன் கம்பெனியில இப்ப ஷிப்ட்டு வுடுற நேரம். சாப்ட்டியா இல்லியான்னு நீயே அவன கேட்டுக்க. என்னக் கேக்காத.”

அம்மா அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஷிப்ட்டு வுடுற நேரம் உனுக்கு எப்படித் தெரியும்?”

அப்பா வண்டியைக் கிளப்பினார்.